ஒன்பது டேப்பும் பதினோரு அங்குலமும்

முதல் குரூப்பில் என்னோடு படித்தவர்களே, நீங்கள் வசதியாகச் சாய்ந்துகொண்டு படியுங்கள். நான் உட்கார்ந்து எழுதவில்லை. இரண்டு வரி எழுதுகிறேன், எழுந்து போய் கேஸை மூடினேனா என்று பார்க்கிறேன், வாசல் தாழ்ப்பாளைத் தொட்டுவிட்டு வருகிறேன், மறுபடி இரண்டு வரி. "ஒரு எடத்துல இருக்கவே மாட்டியா நீ" என்று என் வீட்டுக்காரர் முப்பது வருஷமாகக் கேட்கிறார். இது எனக்குப் பிறவியில் வந்ததில்லை. எப்போது பிடித்தது என்று நன்றாகத் தெரியும். பிளஸ் டூ படித்த வருஷம், ஆயுத பூஜை சாயங்காலம்.

போன வாரம் நம் குழுவில் ஒருத்தி பழைய கணக்கு ஒன்றைப் போட்டிருந்தாள். ஐந்து கிலோ கட்டை, முப்பது நியூட்டன் விசையால் இழுக்கிறார்கள், உராய்வுக் குணகம் 0.2, முடுக்கம் காண்க. நீங்கள் எல்லோரும் சிரிப்புப் பொம்மைகளாகப் போட்டீர்கள். ஒருத்தி மட்டும் 'நாலு' என்று சரியாகப் போட்டாள். நான் ஒன்றும் போடவில்லை. போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு மொட்டைமாடியில் நடந்துகொண்டிருந்தேன். அந்தக் கணக்கு எங்கள் வீட்டில் செய்த வேலை உங்களுக்குத் தெரியாது. தெரியட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

இயற்பியல் டீச்சரை மறந்திருக்க மாட்டீர்கள். போர்டின் நடுவில் மேலிருந்து கீழே ஒரு கோடு. இடது பக்கம் 'கொடுக்கப்பட்டவை', வலது பக்கம் 'காண வேண்டியது'. எலக்ட்ரிக் டிரெயின் போகும்போதெல்லாம் பேச்சை நிறுத்துவார், போனதும் நிறுத்திய எழுத்திலிருந்தே தொடங்குவார். உராய்வுப் பாடத்தன்று அவர் மேஜையைத் தள்ளிக் காட்டியது ஞாபகம் இருக்கிறதா? கால்கள் தரையில் கிறீச்சிட்டன, பின் பெஞ்சு காதைப் பொத்திக்கொண்டது. "நான் தள்ளுறது இந்தப் பக்கம். தரை புடிச்சு இழுக்கறது அந்தப் பக்கம். ரெண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் நமக்கு மிஞ்சறது. அத நிறையால வகுத்தா முடுக்கம்," என்றார். அப்புறம் வழக்கமாகச் சொல்வதையும் சொன்னார். "விடை சுத்தமா வரலேன்னா எங்கயோ தப்பு பண்ணிருக்கீங்க, திரும்பப் போடுங்க."

அந்தக் கடைசி வாக்கியத்தை நான் வேதமாக எடுத்துக்கொண்டேன். வர்க்கமூலம் முழு எண்ணாக வந்துவிட்டால் போதும், விடை சரி. இல்லாவிட்டால் அடித்துவிட்டுத் திரும்பப் போடுவேன். பரீட்சைத் தாளில் அது எப்போதும் பலித்தது. முதல் மார்க் என்னைத் தேடி வந்ததற்கு அதுவும் ஒரு காரணம்.

உராய்வு எனக்குப் பைத்தியம் மாதிரி பிடித்துக்கொண்டது. அரிசி டின்னைத் தள்ளிப் பார்ப்பேன். தம்பியைக் கோணியில் உட்காரவைத்து இழுத்துப் பார்ப்பேன். அவனுக்கு அப்போது ஒன்பது வயது, இழுக்க இழுக்கச் சிரிப்பான். எதைப் பார்த்தாலும் அதன் மேல் இரண்டு அம்புக்குறிகள் தெரியும். அம்மா அம்மிக்குழவியை ஓட்டும்போது "எவ்ளோ விசை குடுக்கற?" என்று கேட்டு வாங்கிக் கட்டிக்கொண்டதும் உண்டு.

எங்கள் வீடு அம்பத்தூர் எஸ்டேட்டுக்குப் பின்பக்கம். என் தாத்தா அங்கே அடுத்தவர் நிலத்தில் நாற்று நட்டவர். நைனா அதே நிலத்தின் மேல் எழும்பிய ஒரு கம்பெனியில் செக்கர். அப்பாவை நாங்கள் நைனா என்றுதான் கூப்பிடுவோம். லேத்திலிருந்து வரும் உருப்படிகளை மைக்ரோமீட்டரில் அளந்து, சரியானதை இந்தப் பெட்டியில், தப்பானதைச் சிவப்புப் பெயின்ட் தொட்டு அந்தப் பெட்டியில் போடுவது அவர் வேலை. நாள் முழுக்க அதுதான். அதனால் வீட்டிலும் அவரிடம் யாரும் 'சுமாரா', 'கிட்டத்தட்ட' என்று பேச முடியாது. அம்மா "ஒரு பிடி உப்பு" என்றால்கூட "யாரு கைப்பிடி?" என்பார். சிவப்புப் பெயின்ட் அவர் விரல் நகத்தில் எப்போதும் கொஞ்சம் இருக்கும்.

அக்கா என்னைவிட ஐந்து வயது பெரியவள். எஸ்டேட்டிலேயே ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில் தையல். கழுத்தில் மஞ்சள் டேப்பை மாலை மாதிரி போட்டுக்கொண்டே வீட்டுக்கு வருவாள், கழற்ற மறந்துபோய் அதோடு சாப்பிடுவாள். அவளுக்கு அந்த ஆவணியில் நிச்சயம் செய்தோம். தையில் கல்யாணம். மாப்பிள்ளை பூந்தமல்லி. எஸ்டேட்டில் லேத் ஓட்டுகிறவர். நாங்கள் அப்போதே மாமா என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டோம்.

மாமா நல்ல மனிதர். இதை இப்போது சொல்வது சுலபம், அப்போதும் எனக்கு அப்படித்தான் பட்டது. தம்பிக்கு லேத்தில் கடைந்து ஒரு பித்தளைப் பம்பரம் கொண்டுவந்து கொடுத்தார். தரையில் விட்டால் நாங்கள் சாப்பிட்டு எழுகிற வரைக்கும் சுற்றும். அதன் முனையை நைனா விரலால் தடவிப் பார்த்து, "நல்லா கடஞ்சிகீறான்" என்றார். நைனா வாயால் அது பெரிய சர்டிபிகேட். நிச்சயத்தன்று அவர் போட்ட நிபந்தனையும் ஒன்றே ஒன்றுதான்.

"நகநட்டு எதுவும் நான் பேசல. குடிக்கக் கூடாது, வண்டிய வேகமா அமுக்கக் கூடாது. இந்த ரோட்ல அடிபட்ட பசங்க எத்தினி பேர தூக்கினு போயி ஆஸ்பத்திரில போட்டுகீறேன் தெரியுமா?"

"ரெண்டுமே எனக்குப் பழக்கமில்ல மாமா," என்றார் அவர். அக்கா உள்ளே ஜாக்கெட் துணியைத் தலைகீழாகப் பிடித்துத் தைத்துக்கொண்டிருந்தாள்.

ஆயுத பூஜை எஸ்டேட்டில் எப்படி இருக்கும் என்று உங்களில் எஸ்டேட் பக்கம் இருந்தவர்களுக்குச் சொல்ல வேண்டாம். வருஷம் முழுக்க கத்திக்கொண்டிருக்கும் மிஷின்கள் அன்றைக்குச் சந்தனமும் குங்குமமும் வைத்துக்கொண்டு கம்மென்று நிற்கும். கட்டிங் ஆயில் வாசனையோடு சாம்பிராணி வாசனை கலந்து வரும். கேட்டுக்குக் கேட்டு வாழைக்கன்று. பூஜை முடிந்ததும் வெள்ளைப் பூசணியில் ஓட்டை போட்டு, குங்குமத்தைக் கொட்டி, கற்பூரம் ஏற்றி, கேட்டுக்கு எதிரே நடுரோட்டில் ஓங்கி உடைப்பார்கள். உடைத்தவர் திரும்பிப் பார்க்காமல் உள்ளே வந்துவிட வேண்டும். அதை யாரும் மிதிக்க மாட்டார்கள், தொட மாட்டார்கள், கூட்டவும் மாட்டார்கள். கம்பெனியின் கண்ணேறு எல்லாம் அதில் இறங்கியிருக்கிறது என்று நம்பிக்கை. அதைப் பற்றிப் பேசுவதுகூடக் கிடையாது.

அன்று மத்தியானம் மாமா நண்பர் ஒருவரின் ஸ்கூட்டரை வாங்கிக்கொண்டு வந்தார். தம்பிக்குத் தான் ஓட்டும் லேத்தைக் காட்ட வேண்டுமாம். தம்பி தலை சீவிப் பவுடர் போட்டுக்கொண்டு பின்னால் ஏறினான். நானும் வருகிறேன் என்றேன், இடமில்லை என்று அம்மா தடுத்துவிட்டாள். அந்தக் கோபத்தில் நான் வாசலிலேயே முறைத்துக்கொண்டு நின்றேன்.

பொழுது சாய்கிற நேரம் ரிக்‌ஷாவில் திரும்பி வந்தார்கள். தம்பியின் வலது கை தொங்கிக்கொண்டிருந்தது. மாமாவின் பேன்ட் ஒரு பக்கம் கிழிந்து முழங்காலிலிருந்து கணுக்கால் வரை சிவப்பு. அம்மா ஓவென்று கத்தினாள். நைனா குனிந்து அந்தச் சிவப்பைத் தொட்டு முகர்ந்து, "ரத்தம் இல்ல, குங்குமம். பூஜைல பட்டுகீது" என்றார். தொட்டுப் பார்த்தவரும் அதற்கு மேல் யோசிக்கவில்லை.

கைக்குக் கட்டுப் போட்டு வந்ததும் விசாரணை ஆரம்பித்தது. நைனா நாற்காலியில் உட்கார்ந்தார். மாமா நின்றுகொண்டிருந்தார்.

"எவ்ளோ ஸ்பீடுல வந்த?"

"இருபதுக்கு மேல போவல மாமா. பையன் பின்னாடி கீறான், அமுக்குவேனா?"

"அப்ப எப்டி வுழுந்த?"

"வழுக்கிடுச்சு."

"எதுல வழுக்கும்? மழ பேஞ்சு நாலு நாளாச்சு. எண்ணெ கொட்டிகீதா?"

மாமா வாயைத் திறந்தார். அம்மாவைப் பார்த்தார். மூடிக்கொண்டார். நான் அதைப் பார்த்தேன். பொய் சொல்கிறவர்கள்தான் அப்படி மூடிக்கொள்வார்கள் என்று எனக்கு யார் சொல்லிக்கொடுத்தார்களோ தெரியவில்லை, அப்படியே முடிவு செய்துவிட்டேன்.

தம்பி பாயில் படுத்தபடி, "மெதுவாதான் நைனா போனோம். வுழுந்தப்புறம்தான் வேகமா போச்சு. கேரம் போர்டுல பவுடர் போட்டா காயி போவும்ல, அப்டி போச்சு" என்றான். எல்லோரும் ஏதோ சின்னப் பையன் உளறுகிறான் என்று விட்டுவிட்டார்கள். "மாமா ஐஸ் வாங்கித் தந்திருப்பாரு, அதான் அவரு பக்கம் பேசறான்," என்று அம்மா சொன்னாள். அவன் தலைமுடியில் வெள்ளையாக ஒரு விதை ஒட்டிக்கொண்டிருந்தது. நான்தான் அதை எடுத்து ஜன்னலுக்கு வெளியே சுண்டினேன். இன்றைக்கும் அந்த விதையின் வழவழப்பு என் விரலில் இருக்கிறது.

மறுநாள் காலையில் அக்காவின் டேப்பை எடுத்துக்கொண்டு எஸ்டேட் ரோட்டுக்குப் போனேன். யாரும் அனுப்பவில்லை. எனக்கே இருப்புக்கொள்ளவில்லை. பெரியவர்கள் 'வேகம்', 'மெதுவா' என்று கத்திக்கொண்டிருக்கும்போது, இது எண்ணாகக் கிடைக்கும் விஷயம், நான் கண்டுபிடித்துக் காட்டுகிறேன் என்று ஒரு திமிர். பாடப்புத்தகம் வந்ததிலிருந்து இப்படி ஒன்றுக்காகத்தான் காத்திருந்தேன் போலிருக்கிறது.

விடுமுறை நாள். ரோடு வெறிச்சென்று கிடந்தது. இரண்டு மாடுகள் ஓரமாகப் படுத்து அசைபோட்டுக்கொண்டிருந்தன. பூஜையில் தம்பிக்குக் கொடுத்திருந்த பொரிப் பொட்டலத்தின் காகிதம் மட்டும் காற்றில் புரண்டது, பொரி ஒன்றுகூட இல்லை. தார் மேல் ஸ்கூட்டரின் ஸ்டாண்டு கிழித்துக்கொண்டு போன வெள்ளைக் கீறல் பளிச்சென்று தெரிந்தது. எதிலும் மோதாமல் தானாகப் போய்த் தானாக நின்றிருந்தது. கீழே குத்துக்காலிட்டு டேப்பை வைத்து வைத்து அளந்தேன். ஒன்பது டேப்பும் பதினோரு அங்குலமும். டேப் அறுபது அங்குலம் என்பதால் மொத்தம் ஐந்நூற்று ஐம்பத்தொன்று. மீட்டராக்கினால் பதினாலு.

வீட்டுக்கு ஓடிவந்து ரஃப் நோட்டில் நடுக்கோடு போட்டேன். சாய்ந்த வண்டியைத் தள்ளும் விசை பூஜ்ஜியம். இருப்பது உராய்வு ஒன்றுதான், அது பின்னோக்கிப் பிடிக்கிறது. நிறை இரண்டு பக்கமும் வருகிறது, அடித்துவிடலாம். அப்படித்தான் மாமாவும் தம்பியும் ஸ்கூட்டரும் ஒரே கோட்டில் அடிபட்டுப் போனார்கள். மிஞ்சியது உராய்வுக் குணகமும் புவியீர்ப்பும். குணகம் புத்தக அட்டவணையில் இருந்தது. ரப்பர், உலர்ந்த சாலை, 0.7. பத்தால் பெருக்கினால் ஏழு. வினாடிக்கு வினாடி ஏழு மீட்டர் வேகம் குறைகிறது. இரண்டு பெருக்கல் ஏழு பெருக்கல் பதினாலு, நூற்றுத் தொண்ணூற்றாறு. வர்க்கமூலம் பதினாலு.

சுத்தமாக வந்தது. விடைக்கு அடியில் இரண்டு கோடு போட்டேன். ஒரு பொட்டு மிச்சமில்லாமல் முழு எண். வினாடிக்குப் பதினாலு மீட்டர் என்றால் மணிக்கு ஐம்பது கிலோமீட்டர். மாமா சொன்னது இருபது.

வண்டி சாய்ந்து கிடந்து போனது, ரோட்டைத் தொட்டது இரும்பு, ரப்பர் இல்லை என்பதுகூட எனக்குத் தோன்றவில்லை. மற்றதைப் பிறகு சொல்கிறேன்.

நைனா கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஒவ்வொரு வரியாக விரலை வைத்துப் படித்தார். அவர் தினமும் காலையில் மைக்ரோமீட்டரை ஸ்டாண்டர்டு கட்டையில் வைத்துச் சரிபார்த்துவிட்டுத்தான் முதல் உருப்படியைத் தொடுவார். அந்தப் பழக்கம் அவரைச் சரியான இடத்தில்தான் நிறுத்தியது.

"இந்த பாயிண்ட் ஏழு எங்கேர்ந்து வந்துச்சு?"

"புக்குல கீது நைனா. காஞ்ச ரோட்டுக்கு அவ்ளோதான்."

"புக்குல கீதா?"

"ஆமா. டேபிள்ல கீது."

தலையை ஆட்டிக்கொண்டார். அச்சடித்த புத்தகத்தைச் சந்தேகப்பட அவருக்குத் தைரியமில்லை, அவர் எட்டாவதோடு நின்றவர். "அம்பது," என்று மெதுவாகச் சொன்னார். அக்கா சமையலறை வாசலில் நின்றுகொண்டிருந்தாள். அவளும் கேட்டாள்.

பத்து நாளில் எல்லாம் முடிந்தது. பூந்தமல்லியிலிருந்து மாமாவின் அம்மா ஒருவர் மட்டும் வந்து, நிச்சயப் புடவையை வாங்கிக்கொண்டு போனார். தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. "எம்புள்ள பொய் பேசமாட்டான்" என்று வாசலில் செருப்பைத் தேடிக்கொண்டே சொன்னார், யாரையும் பார்த்துச் சொல்லவில்லை.  நைனாதான் மாமாவுக்குச் சிவப்புப் பெயின்ட் தொட்டுவிட்டார் என்றுதான் நான் நினைத்தேன். பாவம் மாமா என்று ஒரு பக்கம் இருந்தது. என் கணக்கு நைனாவிடம் செல்லுபடியானதே என்ற பெருமை இன்னொரு பக்கம். எது பெரிதாக இருந்தது என்று கேட்காதீர்கள்.

அக்கா அழவில்லை. டேப்பில் தார் ஒட்டியிருந்தது. அதைச் சோப்புப் போட்டுத் தேய்த்தாள், எண்கள் பாதி அழிந்துபோயின. வேறு டேப் வாங்கிக்கொண்டாள். தம்பி பம்பரத்தை எடுத்து விட்டால் மட்டும் அந்த அறையிலிருந்து எழுந்து போய்விடுவாள். ஒருநாள் பம்பரத்தைக் காணோம். யாரும் தேடவில்லை.

அடுத்த வைகாசியில் அக்காவுக்கு வேப்பம்பட்டில் மாப்பிள்ளை அமைந்து கல்யாணம் ஆனது. அதுவும் நல்ல இடம்தான். குறை சொன்னால் நாக்கு அழுகும்.

பிளஸ் டூ வருஷம். மறுபடி ஆயுத பூஜை. நான் சாயங்காலம் ஒருத்தி வீட்டில் நோட்டு வாங்கிக்கொண்டு எஸ்டேட் ரோட்டில் நடந்து வந்தேன். உங்களில் யார் என்று சொல்ல மாட்டேன், சொன்னால் அவள் வருத்தப்படுவாள். இரண்டு பக்கமும் வரிசையாகக் கம்பெனிகள், வரிசையாக உடைந்த பூசணிகள். அவற்றின் மேல் லாரிகள் ஏறி ஏறி இறங்கி, ரோடு நெடுக வெள்ளைச் சதையும் சிவப்புக் குங்குமமும் கூழாகப் பரவிக் கிடந்தது. மிதிக்கக் கூடாது என்று தாண்டித் தாண்டி வந்தேன். ஒரு லாரிக்கு ஒதுங்கினேன். கால் அதில் பட்டது.

நடந்துகொண்டுதான் இருந்தேன், ஓடவில்லை. ஆனாலும் உட்கார்ந்த வாக்கில் என் உயரத்தைவிட அதிகத் தூரம் சறுக்கிக்கொண்டு போனேன். எழுந்து பார்த்தால் பாவாடையில் சிவப்பு. கையில் வழவழவென்று ஒரு வெள்ளை விதை.

நான் அந்த இடத்திலேயே நின்றேன். அப்புறம் ஓடினேன். எங்கள் தெருமுனையில் பழைய பேப்பர்காரர் இருந்தார். அவருடைய ஸ்பிரிங் தராசை வாங்கிக்கொண்டு எஸ்டேட் ரோட்டுக்கே திரும்பினேன். கொக்கியில் ஒரு கயிறு கட்டி, அதில் ஒரு செங்கல்லைக் கட்டினேன். செங்கல் இரண்டரை கிலோ. முதலில் உலர்ந்த ரோட்டில் இழுத்தேன். ஒன்றே முக்கால் கிலோ வரை முள் இறங்கிய பிறகுதான் நகர்ந்தது. வகுத்தால் 0.7. புத்தகம் பொய் சொல்லவில்லை. அப்புறம் பூசணிக் கூழில் வைத்து இழுத்தேன். கால் கிலோ கோட்டை ஒரு பொட்டுத்தான் தாண்டியிருக்கும், செங்கல் தானாக என் கால் வரைக்கும் வந்துவிட்டது.

தராசைக் கேட்டுப் பின்னாலேயே வந்துவிட்ட பேப்பர்காரர், "இன்னாமா, ரோட்ட எட போடுறியா?" என்றார்.

பக்கத்தில் ஒரு மாடு பூசணித் துண்டைக் கடித்துக்கொண்டிருந்தது. நாளைக் காலைக்குள் எல்லாவற்றையும் தின்று முடித்துவிடும். போன வருஷமும் தின்று முடித்திருந்தது. அது அசைபோட்டுக்கொண்டிருந்ததைப் பார்த்தபடிதான் நான் டேப்பை வைத்து வைத்து அளந்திருக்கிறேன்.

ரோட்டு ஓரத்திலேயே மனக்கணக்குப் போட்டேன். குணகம் 0.11. வேகம் குறைவது வினாடிக்கு வினாடி ஒன்று புள்ளி ஒன்று. இரண்டு பெருக்கல் பதினாலு பெருக்கல் ஒன்று புள்ளி ஒன்று, முப்பது புள்ளி எட்டு. வர்க்கமூலம் சுத்தமாக வரவில்லை. ஐந்து புள்ளி ஐந்து ஐந்து என்று இழுத்துக்கொண்டே போனது. மணிக்கு எவ்வளவு என்று மாற்றினேன். இருபது.

அன்றிலிருந்துதான் எனக்கு உட்கார முடிவதில்லை. சாப்பிடும்போது எழுந்துவிடுவேன். பிளஸ் டூ பரீட்சையில் மூன்று தடவை தண்ணீர் குடிக்க எழுந்தேன், மேற்பார்வைக்கு வந்தவர் சந்தேகப்பட்டு என் பாவாடை மடிப்பைச் சோதித்தார். இன்ஜினியரிங்குக்கு மனு போடவில்லை. ஏன் பி.காம். எடுத்தாய் என்று நீங்கள் எல்லோரும் கேட்டீர்கள், வீட்டில் வசதியில்லை என்று சொன்னேன். அதுவும் பொய்தான்.

யாரிடமும் சொல்லவில்லை. அக்கா கல்யாணமாகிப் போய்விட்டாள், வயிற்றில் குழந்தை, இப்போது போய் என்ன சொல்வது என்று நினைத்தேன். அப்புறம் சொல்லலாம் என்று நினைத்தேன். அப்புறம் நைனா போய்விட்டார். ரஃப் நோட்டு எந்த வருஷமோ பேப்பர்காரரிடம் போயிருக்கும். நைனாவை மட்டும் உள்ளுக்குள் கோபித்துக்கொண்டே இருந்தேன். ஒரு சின்னப் பெண் போட்ட கணக்கை நம்பி மூத்த மகளின் நிச்சயத்தை முறித்த மனிதர் என்று. அவரைக் கோபித்துக்கொள்ள முடிந்த வரைக்கும் எனக்கு மூச்சு விட முடிந்தது.

இரண்டு மாதம் முன்பு வேப்பம்பட்டுக்குப் போனேன். அக்காவின் வீட்டுக்காரர் ஸ்டேஷன் பக்கம் காய் வாங்கப் போயிருந்தார். அக்கா முறத்தை வைத்துக்கொண்டு முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். டிவியில் ஏதோ செய்தி. ஆயுத பூஜை வருகிறது, உடைத்த பூசணியைச் சாலை நடுவில் போடாதீர்கள், வண்டிகள் வழுக்கி விழுகின்றன என்று போலீஸ் அறிவிப்பு. நான் எழுந்தேன்.

"எங்கடி போற? ஒக்காரு," என்றாள் அக்கா.

உட்காராமலேயே சொல்லிவிட்டேன். டேப், கீறல், 0.7, செங்கல், பேப்பர்காரர் தராசு, எல்லாம். நைனா அவசரப்பட்டுவிட்டார், ஆனால் தப்பு என்னுடையது என்றேன்.  அக்கா கீரை ஆய்ந்துகொண்டே இருந்தாள்.

"பூசணிக்கான்னு எனக்குத் தெரியும்," என்றாள்.

எனக்குப் புரியவில்லை.

"அவரு வந்து சொன்னாரு. கம்பெனி பஸ் ஸ்டாப்புல நின்னுகினு இருந்தாரு, நாலு நாளு கழிச்சு. அத்தினி கம்பெனி திருஷ்டி பூசணிலயும் பொரண்டு எழுந்துகீறேன், அத உங்கம்மா கேட்டா இந்தக் கல்யாணத்துக்கு ஒத்துக்குமா, அதான் வாய மூடிக்கினேன், நீ மட்டும் தெரிஞ்சிக்கோன்னாரு."

"நீ இன்னாக்கா சொன்ன?"

"எந்தங்கச்சி அளந்து கணக்கு போட்டுகீறா, அம்பதுன்னு வந்துகீதேன்னு கேட்டேன். அவரு சிரிச்சாரு. அந்தக் கணக்குல பூசணிக்கா கீதான்னாரு." அக்கா ஒரு காம்பை ஒடித்துப் போட்டாள். "எனக்கு சுர்ருன்னு கோவம் வந்துச்சு. பொய்யும் சொல்லிகினு, படிக்கிற பொண்ண கிண்டலும் பண்றாரேன்னு. பஸ் வந்துச்சு, ஏறிட்டேன்."

"நைனா?"

"நைனா பாவம். ரிஜெக்ட் ஆன பீஸக்கூட வேற மைக்ரோமீட்டர்ல வெச்சி இன்னொரு வாட்டி பாப்போம், பையன கூப்ட்டு பேசலாம்னாரு. நாந்தான் வேணாம்னேன். பொய் சொல்றவரு வேணாம் நைனான்னேன்."

 இத்தனை வருஷம் நைனாவின் தலையில் வைத்திருந்தது இருக்க இடமில்லாமல் என்னிடம் வந்தது.

"ஏன்க்கா? அவரு சொன்னத கொஞ்சம் யோசிச்சிருக்கலாம்ல?"

அக்கா முதல்முறையாக நிமிர்ந்து பார்த்தாள். அவள் முகத்தில் கோபம் இல்லை. இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"நீ ஃபர்ஸ்ட் மார்க் வாங்கறவடி. உங்கணக்கு தப்பா போவும்னு நான் கனவா கண்டேன்?"

வாசலில் அவள் வீட்டுக்காரர் செருப்பைக் கழற்றும் சத்தம் கேட்டது. அக்கா குரலைத் தாழ்த்தினாள்.

"சரி, பூசணிக்காயும் சேத்து போட்டியே. அதுல எவ்ளோ வந்துச்சு?"

"இருபது," என்றேன்.

அக்கா முறத்திலிருந்த கீரையைக் கையால் ஒருமுறை பரப்பிவிட்டாள்.

"அவரும் அதத்தான் சொன்னாரு," என்றாள்.